வண்டிக்கு அடியில் ஆறுமணிக் குருவி

இரவு முழுக்க இடியும் மழையும். காலை நாலரைக்கு அலாரம் அடித்தபோது போவதா, திரும்பிப் படுப்பதா என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடம் யோசித்தேன். அக்டோபர் நடுவாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் நீளவால் இலைக்கோழி ஒரு ஜோடி சுற்றுவதாக முந்தைய வாரம் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த வளைந்த நீள வாலை அது உதிர்த்துவிடும். அப்புறம் பெயரில் மட்டும்தான் நீளவால். அடுத்த ஞாயிறு வரை வால் நமக்காகக் காத்திருக்காது என்று எழுந்து முகத்தைக் கழுவினேன்.

முதல் தப்பு முந்தின ராத்திரியே நடந்திருந்தது; எனக்குத் தெரிந்தது ஐந்தே முக்காலுக்குத்தான். கேமரா பை ஏசி அறையில் இருந்திருக்கிறது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு லென்ஸை வெளியே எடுத்ததும் கண்ணாடி மொத்தமும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. துணியால் துடைத்தேன். துடைத்த இடம் இரண்டு நொடியில் மறுபடி பூத்தது. மழை பெய்து ஓய்ந்த சென்னைக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது மாதிரிதான் குளிர்ந்த லென்ஸும் வியர்க்கும். அந்த நேரம் பார்த்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தலைக்கு நேர் மேலே சாவகாசமாக இரண்டு வட்டம் போட்டுவிட்டுப் போனது. நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு வைத்தியம் சுலபம். மறுநாள் போவதாக இருந்தால் ராத்திரியே பையைக் கூடத்தில் வைத்துவிட வேண்டும். மறந்துவிட்டால், இடத்துக்குப் போனதும் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் பையை அப்படியே விட வேண்டும். உள்ளே இருப்பது வெளிச்சூட்டுக்கு மெல்ல வந்துவிடும். பூத்துப்போன நிலையில் அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றி மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. வெளியே இருக்கும் ஈரம் சென்சார் வரை போகும்.

பெரும்பாக்கத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே, அதே நீர்வழியைச் சேர்ந்த தாழ்வான பகுதி இது. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பிடித்தது. அந்தப் பெயர்ப்பலகையெல்லாம் இல்லாமலேயே இந்தப் பக்கத்திலும் பறவைகள் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு பக்கம் கோரையும் ஆகாயத்தாமரையும், இன்னொரு பக்கம் அடுக்குமாடிகள். நீலத் தாழைக்கோழிக்குப் பின்னால் யாராவது பால்கனியில் துணி காயப்போடாமல் ஒரு படம் எடுப்பது அங்கே கொஞ்சம் கஷ்டம்.

வெளிச்சம் வந்தது, ஆனால் வந்த மாதிரி இல்லை. மேகம் கறுத்துத் தொங்கியது. இலைக்கோழி இருந்தது, அதுவும் வாலோடு. எனக்கு நூறு மீட்டருக்கு அப்பால். 600 மில்லிமீட்டர் லென்ஸில்கூட ஒரு காற்புள்ளி அளவுதான் தெரிந்தது. சரி, உட்கார்ந்திருப்போம், அதுவாக வந்தால் வரட்டும் என்று கரைச் சரிவில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து உட்கார்ந்தேன். இந்த உட்காரும் பழக்கம் வர எனக்கு நாலைந்து வருடம் ஆனது. முன்பெல்லாம் பறவையைப் பார்த்ததும் அதை நோக்கி நடப்பேன். பறவை அதே தூரத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும்.

மணி ஆறேகால் இருக்கும். பின்னால் காக்கைகள் கத்த ஆரம்பித்தன. சாதாரணக் கத்தல் இல்லை. எதையோ துரத்தும்போது ஒரு கூட்டுக் கத்தல் வருமே, அது. திரும்பிப் பார்த்தேன். கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் தகரத் தடுப்புக்கு மேலாக ஏதோ ஒன்று துணிப்பந்து மாதிரி தாழப் பறந்து வந்து, என் ஸ்கூட்டருக்கு அடியில் விழுந்தது. இறங்கியது என்று சொல்ல முடியாது, விழுந்தது. நாலு காக்கைகள் தடுப்பின் மேல் வரிசையாக உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தன.

குனிந்து பார்த்தால் முன்சக்கரத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஓர் ஆறுமணிக் குருவி.

பறவை பார்ப்பவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மைனாவைவிடச் சின்னது, கோழி முட்டை எடைதான் இருக்கும். வாலே இல்லையோ என்று தோன்றுகிற அளவுக்குக் குட்டை வால், அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளக் கால்கள். முதுகு பச்சை. சிறகில் பளீரென்று ஒரு நீலத் துண்டு. மார்பு சந்தனப் பழுப்பு, அடிவயிறு குங்குமச் சிவப்பு, தொண்டை வெள்ளை, கண்ணை ஒட்டிப் பட்டையாகக் கறுப்பு மை. இவ்வளவையும் போட்டுக்கொண்டு, புதருக்கு அடியில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்றுகொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஒரு குளிர்காலத்தையே ஓட்டிவிடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் சீட்டியடிப்பதால்தான் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் இதன் சீட்டியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முழு உருவத்தைப் பார்த்தது மூன்று தடவை. படம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடையாது.

அது இப்போது ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கேமராவைத் தூக்கினேன். ஃபோகஸ் ஆகவில்லை. பெரிய ஜூம் லென்ஸ்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. என்னுடையது எட்டு ஒன்பது அடிக்குள் இருக்கும் எதையும் ஏற்றுக்கொள்ளாது. ஈரத் தரையில் முழங்கையை ஊன்றி, படுத்தபடியே பின்னுக்கு நகர்ந்தேன். வண்டிக்கு அடியில் இருட்டு. வெளிச்சம் போதாததால் சென்சாரின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றி, ஷட்டர் வேகத்தை 125-க்கு (நொடியில் 125-இல் ஒரு பங்கு) இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். பிறகு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், கண்ணுக்கு நேர்மட்டத்தில் சில படங்கள். வீட்டுக்கு வந்து எண்ணினால் நாற்பத்தி மூன்று படம். அத்தனை படத்திலும் அது அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம், என்ன அதிர்ஷ்டம், அசையாமல் போஸ் கொடுக்கிறதே என்பதுதான்.

“சார், ஃபோட்டோ அப்புறம் எடுக்கலாம். மொதல்ல அந்தக் காக்காய ஓட்டுங்க.”

தகரத் தடுப்பின் இடுக்கு வழியாக ஓர் அம்மா வெளியே வந்தார். அந்தக் கட்டட வாட்ச்மேனின் மனைவி, திருவண்ணாமலைப் பக்கம். கையில் துடைப்பம். அவர் அதை ஒரு சுழற்று சுழற்றியதும் காக்கைகள் எதிரில் இருந்த மின்கம்பிக்கு மாறி உட்கார்ந்தன. “எங்க ஷெட்டு வாசல்ல உக்காந்துனு இருந்துச்சு. ராத்திரி மழையில வந்துருக்கும்போல. பூன ஒண்ணு பாத்துச்சு, அத வெரட்டுனேன். அதுக்குள்ள இதுங்க புடிச்சிகிச்சு.”

அப்போதுதான் நான் கேமரா வழியாக இல்லாமல் வெறும் கண்ணால் அதைப் பார்த்தேன். இறகெல்லாம் உப்பி உருண்டையாக இருந்தது. கண் பாதி மூடி, திடுக்கென்று திறந்து, மறுபடி சொருகியது. அலகு லேசாகத் திறந்து மூச்சு வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேல், வால் ஆடவில்லை. ஆறுமணிக் குருவி நின்ற இடத்தில் அந்தக் குட்டை வாலை மேலும் கீழும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். அதன் அடையாளமே அதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்பத்தி மூன்று தடவை பொத்தானை அழுத்தியிருக்கிறேன். காட்டுப் பறவை ஒன்று ஆளைப் பார்த்தும் நகராமல் இருந்தால் அதனால் நகர முடியவில்லை என்று அர்த்தம். நான் அதை எனக்குக் கொடுத்த சலுகையாக எடுத்துக்கொண்டேன். என் உடம்பு அங்கே படுத்துக் கிடந்த ஒவ்வொரு நிமிடமும் அது தூங்கவும் முடியாமல், பறக்கவும் முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த மாதத்தில் இது புதிதல்ல. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, தெற்கே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்துக்கு வருகிற பறவை இது. பயணம் ராத்திரியில். நடுவில் புயல்மழையோ, கட்டட வெளிச்சமோ, கண்ணாடிச் சுவரோ குறுக்கிட்டால் விடிகாலையில் எங்காவது தொப்பென்று இறங்கிவிடும். மாடிப்படி, கார் நிறுத்துமிடம், குளியலறை ஜன்னல் என்று செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை யாராவது ஒருவர் “கலர் கலரா ஒரு குருவி வீட்டுக்குள்ள வந்திருக்கு, இது என்ன?” என்று படம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பத்தில் ஆறு ஏழு இதுவாகத்தான் இருக்கும்.

அந்த அம்மா மூங்கில் கூடை ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்க்கப் பார்த்தார். நல்ல யோசனைதான், ஆனால் கூடையின் சந்து வழியாக எல்லாம் தெரியும். அதுவும் வெளியே பார்க்கும், பூனையும் உள்ளே பார்க்கும். இந்த மாதிரி பறவைகளைக் கவனித்துப் பழக்கமுள்ள நண்பருக்கு ஃபோன் போட்டேன். தூக்கத்தில் இருந்தவர், “அட்டப் பெட்டி, இருட்டு, அமைதி. அவ்வளவுதான். வேற எதுவும் பண்ணாத” என்றார். நான் வைக்கப் போனேன். “இரு இரு. தண்ணி ஊத்திட்டியா?” என்றார்.

ஊற்றவில்லை. ஆனால் அந்த அம்மா ஒரு ஸ்பூனில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்து நின்றிருந்தார். நானும் வாங்கக் கையை நீட்டியிருந்தேன். களைத்து வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதில் என்ன தப்பு? தப்பு இருக்கிறது. பறவையின் நாக்குக்கு அடிப்பக்கத்திலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கும். பாதி மயக்கத்தில் இருப்பதன் அலகைப் பிளந்து நாம் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். காப்பாற்றப் போய்க் கொன்றவர்களில் பலர் செய்தது இதைத்தான். சோறு, பால், பிஸ்கட், ரொட்டி எல்லாவற்றுக்கும் இதே பதில். புழுப் பூச்சி தின்னும் பறவைக்கு அது சாப்பாடும் இல்லை. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது ஓய்வு. இதைச் சொன்னதும் அம்மா ஸ்பூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சர்க்கரைத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

பிளம்பிங் சாமான் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. பேனாவால் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டேன். ஓட்டையைப் பறவையை வைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். உள்ளே வைத்துவிட்டுக் குத்தினால் அது பயத்திலேயே செத்தாலும் செத்துவிடும். அடியில் ஒரு பழைய துண்டை மடித்து விரித்தோம், கால் வழுக்காமல் இருக்க. அப்புறம் மெல்லிய துணி ஒன்றை அதன் மேல் போர்த்தினேன். கண் மறைந்ததும் கொஞ்சம் அடங்கியது. இரண்டு கையாலும் சிறகுகளை உடம்போடு சேர்த்து, அழுத்தாமல் தூக்கினேன். இந்த அழுத்தாமல் என்பது முக்கியம். பறவை மூச்சுவிட நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். விழுந்துவிடுமோ என்று நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். கையில் எடை இருந்ததாகவே தெரியவில்லை. துணிக்குள் இதயம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்: சிறகு தொங்கவில்லை, ரத்தம் இல்லை, கால் இரண்டும் மடங்கி விரிந்தது. இவற்றில் ஏதாவது இருந்திருந்தால் காத்திருக்காமல் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவரிடமோ போயிருக்க வேண்டும். பெட்டியை மூடி ஷெட்டின் உள் மூலையில் வைத்தோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அதற்குள் வேலையாட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். டைல்ஸ் ஒட்டும் பையன் ஒருவன், ஜார்க்கண்ட்காரன், இருபது வயதிருக்கும். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவனுக்குக் கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். பார்த்ததும், “நவ்ரங்!” என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழிலும் எனக்குத் தெரிந்த இந்தியிலுமாகப் பேசிப் புரிந்துகொண்டது இது: அவன் ஊரில் முதல் மழை விழும்போது இந்தப் பறவை வரும், மழை முடிந்தால் காணாமல் போகும். எங்கே போகும் என்று அவன் யோசித்ததே இல்லையாம். “இங்கயா வருது?” என்று கட்டடத்தையும் ஏரியையும் ஒரு தடவை பார்த்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தனியாக, ராத்திரியில் பறந்து வருகிறது என்றேன். தானும் ராத்திரி வண்டியில்தான் வந்ததாகச் சொன்னான். கன்ஃபர்ம் ஆகாத டிக்கெட், கழிவறை வாசலில் உட்கார்ந்தபடி.

நவ்ரங் என்றால் ஒன்பது நிறம். நாங்கள் திரையைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தோம். எனக்கு ஏழு வந்தது, அவனுக்கு எட்டு. அந்த அம்மா கண்ணையும் காலையும் சேர்த்து ஒன்பதாக்கிவிட்டார். ஆங்கிலத்தில் இதைப் பிட்டா என்பார்கள். அதுவும் ஆங்கிலம் இல்லை, தெலுங்கில் குருவியைக் குறிக்கிற சாதாரணச் சொல். தமிழில் ஆறுமணிக் குருவி என்றேன். “டைம் பாத்து கத்துமா?” என்றார் அம்மா. கத்தும் என்றேன் பெருமையாக.

இன்னொருவர், மேஸ்திரி என்று நினைக்கிறேன், கூண்டு வாங்கி வைத்து வளர்க்கலாமா என்று கேட்டார். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இலிருந்து இருக்கிறது, காட்டுப் பறவையைப் பிடித்து வைத்திருப்பது குற்றம் என்று சொன்னேன். சட்டம் அவரை அவ்வளவாக அசைக்கவில்லை. இது மண்புழு தின்னும், தினமும் தோண்டிப் போட வேண்டும் என்றதும் ஆசை போய்விட்டது.

நண்பர் சொன்னது இரண்டு மணி நேரம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. ஆர்வக்கோளாறில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர்கள் உண்டு; ஒவ்வொரு முறையும் அது பயந்து எழும், சேர்த்த தெம்பு போகும். கரைக்குத் திரும்பினேன். அங்கே என்ன நடந்தது என்றால், காலையிலிருந்து காற்புள்ளியாக இருந்த இலைக்கோழி, ஆகாயத்தாமரை மேல் நடந்து நாற்பதடிக்குள் வந்து, வாலை வளைத்து நின்றது. நான் சடசடவென்று அழுத்தினேன். அது பறந்தது, அதையும் அழுத்தினேன். திரையில் பார்த்தால் எல்லாமே கலங்கல். ஷட்டர் வேகம் இன்னும் 125-இலேயே இருந்தது, வண்டிக்கு அடியில் வைத்தது வைத்தபடி. பறக்கும் பறவைக்குக் குறைந்தது 2000 வேண்டும். கேமராவில் நம் அமைப்புகளைச் சேமித்து வைக்க சி1, சி2 என்று இரண்டு இடம் சும்மா இருக்கிறது. உட்காரும் பறவைக்கு ஒன்று, பறக்கும் பறவைக்கு ஒன்று என்று அமைத்து வைத்தால் ஒரு திருகில் மாற்றிவிடலாம். பல வருடமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிவருகிற அறிவுரை இது. என் கேமராவில் அன்று சாயங்காலம்தான் செய்தேன்.

எட்டே முக்காலுக்குப் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம். அம்மா ஓடிவந்து கூப்பிட்டார். காதை வைத்துக் கேட்டேன், உள்ளே குதிக்கிறது. எழுந்துவிட்டது.

எங்கே விடுவது என்பதில் ஒரு தப்பு நடக்கவிருந்தது. ஏரிக்கரையில், வந்த இடத்திலேயே விடலாம் என்று நினைத்தேன். திறந்தவெளி, மேலே காக்கை, வட்டமடிக்கும் பருந்து. இது ஏரிப் பறவையே இல்லை. இதற்கு வேண்டியது நிழல், புதர், கீழே மக்கிய சருகு. கட்டடத்துக்குப் பின்னால் வேலி போட்டு, விற்பனைக்கு என்று பலகை நட்ட பழைய தோப்பு ஒன்று இருந்தது. நாலைந்து வேம்பு, புங்கம், கொடி ஏறிய புதர், வருடக்கணக்கில் யாரும் கூட்டாத தரை. விற்றுப்போவதற்குள் ஒரு குளிர்காலத்துக்காவது ஆகும். டைல்ஸ் பையன் வேலியைத் தூக்கிப் பிடிக்க, நான் பெட்டியோடு குனிந்து உள்ளே போனேன்.

பெட்டியைப் புதரைப் பார்த்தபடி பக்கவாட்டில் சாய்த்து, மூடியைத் திறந்துவிட்டு, பத்தடி பின்னால் வந்து உட்கார்ந்தோம். கையில் ஏந்தி வானத்தில் வீசிப் பறக்கவிடுவதெல்லாம் சினிமாவுக்குச் சரி. தெம்பில்லாத பறவையை வீசினால் விழும். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த நீளக் கால் ஒன்று வெளியே வந்தது. முழுசாக வந்து சருகில் நின்று, எங்கள் பக்கம் பார்க்காமல், வாலை ஆட்டியது. மேலே, கீழே. மேலே, கீழே. பையன் என் தோளை அமுக்கினான். அது இரண்டு துள்ளு துள்ளி ஒரு சருகைப் புரட்டியது, எதையோ கொத்தி விழுங்கியது, இன்னொரு சருகைப் புரட்டியது. பிறகு தாழப் பறந்து உள்ளே போனது. பறக்கும்போது சிறகு நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்து மறைந்தது. கேமரா கழுத்தில்தான் இருந்தது. ஃபோகஸ் ஆகிற தூரமும்தான். நான் எடுக்கவில்லை, ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் மறந்துவிட்டேன்.

ஒரு சபலம் வந்ததை மறைக்கக் கூடாது. அதன் குரல் என் ஃபோனில் இருக்கிறது. அதை ஓடவிட்டால் போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து வெளியே வரும், அழகாகக் கிளையில் நின்று பதில் சொல்லும். மூன்று குளிர்காலத்துக்கு முன் வேறொரு தோப்பில் நான் அதைச் செய்திருக்கிறேன். வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. அரை மணி நேரம் இரை தேடாமல், இல்லாத எதிரியைத் தேடி அந்தப் பறவை அலைந்தது, படமும் சுமார்தான். அந்தப் பதிவை அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழித்தேன். அழித்ததில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, மறுபடி இறக்கிக்கொள்ள இரண்டு நிமிடம்தான் ஆகும். இதுவரை இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் இணையதளத்தில் தேதி, நேரம், எண்ணிக்கை ஒன்று என்று பதிந்தேன். வலசைப் பறவை எந்த ஊருக்கு எந்த நாளில் வந்து சேர்கிறது என்கிற கணக்கு இப்படித்தான் ஊர் ஊராகச் சேர்கிறது. மைக்ரன்ட்வாட்ச் என்று 2007-இல் இதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கினார்கள், பின்னால் அந்த வேலை ஈபேர்டோடு சேர்ந்துவிட்டது. சமூக ஊடகத்தில் மட்டும் அன்றைக்கு ஒன்றும் போடவில்லை. தோப்பின் பெயரோடு ஒரு படம் போனால் மறுநாள் காலை அந்த வேலியில் இருபது கேமரா முக்காலி நிற்கும். நாற்பத்தி மூன்றில் நாற்பத்தி இரண்டை நீக்கிவிட்டேன். மிச்சம் வைத்த ஒன்றில் கண் பாதி மூடியிருக்கிறது. படமாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, யாரிடம் காட்டினாலும் முதலில் நிறத்தைத்தான் சொல்கிறார்கள்.

துண்டும் துணியும் அந்த அம்மாவுடையது. துவைத்துத் தருகிறேன் என்று எடுத்து வந்ததைக் கொடுக்க அன்று மாலையே போனேன். துண்டைக் கொடுப்பது ஒரு சாக்கு என்பது அவருக்கும் தெரியும். டீ போட்டுக் கொடுத்தார். ஷெட் வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்தோம். மேகம் விலகி மேற்கே கொஞ்சம் சிவப்பு இருந்தது. பின்பக்கத் தோப்பிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி வந்தது. ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். அதே பறவைதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். வேறொன்று முன்பே அங்கே இறங்கியிருக்கலாம். நான் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு, “அக்கா, அதான். ஆறுமணிக் குருவி” என்றேன்.

அவர் இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

“அஞ்சு அம்பதுதான் ஆவுது சார்.”